கள்ளுண்ணாமையும் தாழ்ந்த குரலும்

'குழந்தைக்கு என்ன தெரியும்?' என்கிறோம். 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டு முதல் ஆறு வயதுவரையான 120 பிள்ளைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, பெரியவர்களாக நடித்து விளையாட்டுக் கடையில் பொருள் வாங்கச் சொன்னார்கள். ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் மதுவும் வாங்கினர்.

நம் வீடுகளில் பாடம் இன்னும் நுட்பமானது. அப்பா குடித்திருந்தால் அம்மாவின் குரல் தாழும். சித்தப்பா வந்தால் மொட்டைமாடிக் கதவு சாத்தப்படும். யாரேனும் விசாரித்தால் 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்று பிள்ளையே சொல்லும். குடிப்பது ஆணின் உரிமை, மறைப்பது பெண்ணின் கடமை என்பதை அது எழுத்தறியுமுன்பே கற்றுவிடுகிறது. நாமோ பல்லாண்டு கழித்து, குறளின் 93ஆம் அதிகாரத்தை மதிப்பெண்ணுக்காக (வேறெதற்கு?) நடத்துகிறோம். அதியமான் ஔவையோடு கள் பகிர்ந்துண்ட புறப்பாடலை விளக்கும்போது மட்டும், அந்த அம்மாவைப் போலவே நம் குரலும் ஏன் தாழ்கிறது?