கிரிஃபித்தின்ர இறுதித் திட்டம் என்ன?



போன மாதம் ஹேர்னிங்கில பெரியம்மா வீட்டில ஒரு பிறந்தநாள். பெரிய ஆக்கள் கீழ சாப்பாட்டு மேசையில, மச்சான் மச்சாள்மார் நாங்கள் எல்லாரும் மேல் அறையில. வழமை போல கதை ‘பெர்செர்க்’ மங்காவுக்குப் போச்சுது. கேள்வியும் வழமையானதுதான்: கிரிஃபித்தின்ர இறுதித் திட்டம் என்ன?

வாசிக்காத தோழர்களுக்காகச் சுருக்கமாச் சொல்லுறன். கென்டாரோ மியுரா 1989இல் தொடங்கிய கதை இது. 2021 மே மாதம் அவர் இறந்துபோனார். அடுத்த வருசம் தொடக்கம் அவருடைய நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் உதவியாளர்கள் தொடர்கிறார்கள். கிரிஃபித் ஒரு கூலிப்படைத் தலைவன். தனக்கென்று ஒரு அரசு வேணும் என்ற கனவுக்காகத் தன்னை நம்பி வந்த படையையே பேய்களுக்குப் பலி கொடுத்து, தானும் அதுகளில ஒண்டா மாறுறான். பிறகு மனித உருவத்தில திரும்பி வந்து, அரக்கர்கள் திரியிற உலகத்தின்ர நடுவில ஃபால்கோனியா எண்ட வெள்ளை நகரத்துக்கு ராசாவாகிறான். அகதியா ஓடி வாற சனத்துக்குக் கதவு திறந்திருக்கு. உள்ளுக்குச் சாப்பாடு இருக்கு, வேலை இருக்கு. காவலுக்கு நிக்கிறது மனிசரைத் தின்னுற அதே பேய்கள்.

மேல் அறையில மூண்டு தியரி ஓடிச்சுது. ஒண்டு: நகரம் முழுக்க ஒரு பெரிய பலிக்கு வளர்க்கிற மந்தை. இரண்டு: கடைசியில கிரிஃபித் தன்னை உருவாக்கின சக்திகளையே கவிழ்ப்பான், அப்ப அவன் செய்ததுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். மூண்டு: அவன்ர உடம்பைப் பகிர்ந்திருக்கிற குழந்தை அவனைத் தடுக்கும்.

எனக்கும் இந்த விளையாட்டுப் பிடிக்கும். ஆனா அண்டைக்கு ஒரு விசயம் உறைச்சுது. கிரிஃபித் தன்ர திட்டத்தை ஒருநாளும் ஒளிச்சதில்லை. அரசு வேணும் எண்டு இளம் வயசிலேயே சொன்னவன். அதுக்கு என்ன விலை குடுத்தான் எண்டதையும் பக்கம் பக்கமா வாசிச்சிட்டம். பிறகும் ‘உண்மையான’ திட்டத்தைத் தேடுறது ஏன்? அது தெரியவரும் வரைக்கும் தீர்ப்பைத் தள்ளிப் போடலாம். அதுதான் அதில இருக்கிற சுகம்.

தண்ணி எடுக்கக் கீழ இறங்கினன். அங்கயும் ஒரு தியரி ஓடிக்கொண்டிருந்துது. ஓகூஸ் கெலரப்பில் தொடர்மாடிகளை இடிக்கிறதைப் பற்றிக் கதை. “உது எங்களுக்கில்லையடா,” எண்டார் பெரியப்பா. “அரசாங்கத்தின்ர நோக்கம் வேற. குழப்படி செய்யிற ஆக்களைத்தான் பாக்கினம். தமிழர் உழைச்சுச் சாப்பிடுறவை எண்டு அவைக்குத் தெரியும்.”

இதையும் ஒரு ரசிகர் தியரி எண்டுதான் சொல்லுவன். ஏனெண்டா இங்க ஊகிக்கிறதுக்கு ஒண்டுமில்லை, எல்லாம் எழுதியே கிடக்கு. 2018இல் வலதுசாரிகளும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய ‘கெட்டோ’ சட்டங்களில், ஒரு குடியிருப்பைப் பட்டியலில் போடுவதற்கான ஓர் அளவுகோல், அங்கு வாழ்பவர்களில் பாதிக்கு மேல் ‘மேற்கு அல்லாத’ பின்னணி கொண்டவர்களா என்பது. தொடர்ந்து பட்டியலில் இருக்கும் இடங்களில், பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 2030க்குள் 40 வீதமாகக் குறைக்க வேண்டும். குறித்த பகுதிகளில் குற்றத்துக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கலாம். ஒரு வயதுப் பிள்ளைகளை வாரம் 25 மணித்தியாலம் கட்டாயமாகப் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2021இல் ‘கெட்டோ’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இணைச் சமூகம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

இலங்கை அந்தக் கணக்கில் ‘மேற்கு அல்லாத’ நாடு. இங்க பிறந்த நானும் அதுக்குள்ளதான், ‘வழித்தோன்றல்’ எண்ட பெயரில.

திட்டங்கள் உண்மையிலேயே ஒளிக்கப்படுறது இல்லையா எண்டு நீங்கள் கேக்கலாம். ஒளிக்கப்பட்டிருக்கு, அதுவும் எங்களுக்கே. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அந்த உரிமை சட்டத்தில் தெளிவாக இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் காத்திருந்தார்கள். விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தபோது பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அரசியல் உயர் விசாரணை மன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் வரலாற்றில் இதற்குப் பெயரே ‘தமிழர் வழக்கு’.

ஆனா அடுத்ததைப் பாருங்கோ. 2016இல் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க், ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருக்கும் புகலிடத் தம்பதிகளை, தனித்தனியே விசாரிக்காமல் எல்லாரையும் பிரித்து வைக்கச் சொன்னார். அதை அவர் ஒளிக்கவில்லை, பத்திரிகை அறிக்கையாகவே வெளியிட்டார். 2021 டிசம்பரில் அதே மன்றம் 60 நாள் சிறைத்தண்டனை கொடுத்தது. அடுத்த வருசம் அவர் தொடங்கிய புதுக்கட்சி தேர்தலில் 14 ஆசனங்கள் எடுத்தது.

நின்-ஹான்சனுக்கு இருட்டுத் தேவைப்பட்டது. இப்ப அது தேவையில்லை. வெளிச்சத்தில் செய்தால் வாக்கு விழுகிறது. அதனாலதான் ‘உள்ள என்ன நோக்கம்’ எண்டு துருவுற அரசியல் எங்களுக்கு இனிக் காணாது. அறிவிச்சுச் செய்யிறதை நாங்கள் ஏன் நம்ப மறுக்கிறம் எண்டதுதான் கேள்வி. ஃபால்கோனியாவுக்குள்ள இருக்கிற சனத்துக்குக் காவல் ஆர் எண்டு தெரியும். மதிலுக்கு உள்ள இருக்கிறதால கேக்கிறேல்லை. எங்கட சமூகமும் ‘நல்ல அகதி’ எண்ட பெயருக்காக அதே மதிலுக்குள்ள அமைதியா இருக்கு.

கதையில ரிக்கர்ட் எண்டொரு பொடியன் இருக்கிறான். பலி நடந்த இடத்தில இல்லாததால தப்பினவன். ஃபால்கோனியாவின்ர அழகையெல்லாம் பாத்த பிறகு கிரிஃபித்தின்ர கன்னத்தில ஒரு அறை விட்டிட்டு வெளிக்கிடுறான். அவனிட்ட எந்தத் தியரியும் இல்லை. செத்துப்போன கூட்டாளிமார் ஆர் எண்டு தெரியும், அவ்வளவுதான்.

நான் பெரியப்பாவை அறையேல்லை, பயப்பிடாதேங்கோ. பக்கத்தில இருந்து, அந்தக் கணக்கில நானும் இருக்கிறன் எண்டு ஃபோனில காட்டினன்.

“நீ இங்கதானே பிறந்தனி?” எண்டார்.

“ஓம் பெரியப்பா.”

கண்ணாடியைப் போட்டு இன்னொருக்கா வாசிச்சார். “அப்ப கெலரப்பில இருக்கிற பிள்ளையளும் உப்பிடித்தானோ?”

அதில இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சம். மேல என்ர மச்சான்மார் இன்னும் கிரிஃபித்தோடதான் இருந்தவை.