பூட்டு யாருக்குக் காவல்?

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவிலோ அதைச் செல்லமாக வளர்ப்போர் பலர். நம் நாட்டில் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தராது. எனினும் இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு.

பாம்பின் தலை நுழையும் சந்தில் உடலும் நுழைந்துவிடும். இலேசான மூடியை அது முட்டித் தூக்கிவிடும். ஆகவே கூண்டின் மூடிக்குப் பூட்டு வேண்டும். காற்றுத் துளைகள் அதன் தலையைவிடச் சிறியனவாக இருத்தல் வேண்டும். ஒளிய ஒரு மறைவிடம், ஒருபுறம் வெதுவெதுப்பு, மறுபுறம் குளுமை, குடிக்க நீர் இவையும் அவசியம்.

உயிரைப் பூட்டி வைப்பது கொடுமையன்றோ எனச் சிலர் கேட்கலாம். பூட்டாமல் விடுவதே கொடுமை என்போம் நாங்கள். தப்பிய பாம்பு குளிரில் மடியலாம். அஞ்சியவர் கையால் அடிபட்டும் சாகலாம். குட்டியாக வாங்கப்படும் பர்மிய மலைப்பாம்பு 5 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. அவ்வாறு தப்பியும் கைவிடப்பட்டும் போனவை புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. அவை நெடுநாள் குடியேறிய பகுதிகளில், ரக்கூன் என்னும் சிறு விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. அவ்வாண்டே அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆனால் போன உயிர்கள் திரும்புமா?

ஆகவே அந்தப் பூட்டு பாம்புக்கும் காவல், அயலாருக்கும் காவல், காட்டுக்கும் காவல். நாயோ கிளியோ பாம்போ, கடைசிவரை காக்க இயலாத உயிரை வளர்க்க ஆசைப்படாதிருத்தலே உண்மையான அன்பு.