மேசைமேல் ஒரு துன்ஹிந்தை

மாதிரிப் புகைவண்டிப் பாதை அமைக்கும் பிள்ளைகளுக்கு மலை செய்வது எளிது. பழைய பத்திரிகைத் தாளைப் பசையில் தோய்த்துக் கம்பிவலைமேல் போர்த்தினால் மலை எழுந்துவிடும். மரம் அதனினும் எளிது. நீர் என்று வரும்போதுதான் தேர்ந்த கைகளும் தயங்குகின்றன. நீல வர்ணத்தைப் பட்டையாகப் பூசி, இதுதான் ஆறு என்று வருவோர்க்கெல்லாம் வாயால் விளக்க வேண்டிய நிலை நேர்கிறது. ஊவா மலைநாட்டை மேசைமேல் கொண்டுவர விரும்புவோர்க்கு இது பெருங்குறையே. பதுளைப் பக்கத்தில் எத்திசை திரும்பினும் ஓர் ஓடையோ அருவியோ கண்ணிற்படுமன்றோ?

உண்மை நீரையே ஊற்றிவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். மாதிரி வண்டிகளில் பெரிதும் வழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ 64 மீற்றர். அதனைச் சுருக்கினால் 74 சென்ரிமீற்றர் வரும். மேசைமேல் அழகாக அடங்கும். ஆனால் மலையும் பாலமும் நம் சொற்கேட்டுச் சுருங்குகின்றன. நீர்த்துளி சுருங்க மறுக்கிறது. மூன்று மில்லிமீற்றர் துளியொன்று அந்தச் சிற்றுலகில் 26 சென்ரிமீற்றர் உருண்டையாகத் தோன்றும். உரித்த தேங்காயினும் அது பெரிது. காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், துன்ஹிந்தையின் உச்சியிலிருந்து நீர் கீழே வர மூன்றரை விநாடிக்கு மேல் ஆகும். மேசை அருவியிலோ அரை விநாடிகூட ஆகாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது அருவியாகாது, குழாய்த் தண்ணீராகவே படும். திரைப்படக்காரர் சிற்றுருவ வெள்ளத்தை விரைவாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுவதும் இதனாலேயே. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் 2001இல் திறக்கப்பெற்ற புகழ்பெற்ற மாதிரிக் காட்சிச்சாலையில் ஏறத்தாழ 30,000 லீற்றர் உண்மை நீரில் சிறு கப்பல்கள் மிதக்கின்றன. கடலுக்கு அது பொருந்தும். காட்டோடைக்குப் பொருந்தாது.

ஆதலின் நீரைச் செய்யப் புகுமுன் நீரின் அடியைச் செய்யுங்கள். ஆற்றுப் படுகையைச் சுண்ணச்சாந்தில் குடைந்து, சிறு கல்லும் மணலும் ஒட்டி, நன்கு உலரவிட்டு வர்ணம் தீட்டுக. நடுவில் கருமை, கரையோரம் வெளிர் மண்ணிறம். ஆழம் என்ற மயக்கம் இதனால்தான் பிறக்கிறது. ஆறு வளையுமிடத்தில் வெளிக்கரையே ஆழமானது. உட்கரையில் மணல் ஒதுங்கும். கரை மண்ணுக்குத் தேநீர் வடித்த சக்கையை வெயிலில் சருகாகக் காய வைத்து ஒட்டலாம். ஈரம் சிறிதிருப்பினும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நீல வர்ணத்தை டப்பாவிலேயே இருக்க விடுங்கள். தூரத்திலிருந்து சாய்வாக நோக்கினால்தான் நீரில் வானம் தெரியும். மேசையை நாம் மேலிருந்தல்லவா பார்க்கிறோம்? அப்போது தெரிவது அடிக்கல்லும் பாசியும் மண்ணுமே. மேலும், எந்த மாதம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மார்கழிப் பருவமழையில் பதுளை ஓயா பால் தேநீர் நிறத்தில் பெருகும். ஆடிக் காற்றில் பாறைகளுக்கிடையே தெளிந்து மெலியும். ஒரே மேசையில் காய்ந்த புல்லையும் கலங்கிய வெள்ளத்தையும் சேர்த்து வைப்போர் உண்டு. எமக்கு அது சகிப்பதில்லை.

நீர்ப்பரப்புக்கு எளிய பொருள் வெள்ளைப் பசை. மெல்லிய படையாக ஊற்றி, ஒரு நாள் உலரவிட்டு, மறுபடி ஊற்றுக. அவசரப்பட்டுத் தடிப்பாக ஊற்றினால் வெண்மை தெளியாது. மலைநாட்டின் ஈரக்காற்றில் இப்பசை மீண்டும் இளகுமாதலின் மேலே மினுங்கும் வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். இரு திரவங்களைக் கலந்து ஊற்றும் எப்பொக்சி இதனினும் தெளிவானது. ஆயின் இறுகும்போது சூடேறும், அதன் ஆவியும் நல்லதன்று. பெரியவர் ஒருவர் உடனிருக்க, சன்னல்களைத் திறந்து, கையுறை அணிந்து செய்ய வேண்டிய வேலை அது. வெண்நுரையைக் கல்லின் கீழ்ப்புறத்தில் மட்டும் தொட்டு வைத்தால் போதும். நீர் மோதும் மேற்புறத்தில் வேண்டாம்.

அருவிக்குக் கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிக்கன் பசை உதவும். பிளாஸ்டிக் தாளில் அதனைப் பரப்பி, பல்குத்தும் குச்சியால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுக. உலர்ந்த சிலிக்கனில் வர்ணம் பிடிக்காது. ஆகவே ஈரமாயிருக்கும்போதே வெண்பஞ்சின் இழைகளைப் பதித்துவிட வேண்டும். மறுநாள் உரித்துப் பாறையில் தொங்கவிடலாம். அடியில் பிரித்த பஞ்சு சிறிது. புகைபோல் எழும் திவலையாலேயே துன்ஹிந்தைக்கு அப்பெயர் வந்ததென்பர். அப்புகையை மறப்பது தகுமோ? 220 மீற்றர் உயரமுள்ள தியலுமவை மட்டும் இந்த அளவில் முயல வேண்டாம். இரண்டரை மீற்றர் ஆகிக் கூரையை முட்டும்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைச் செய்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. 91 மீற்றர்ப் பாலம் ஒரு மீற்றரைச் சற்றுக் கடந்து நிற்கும். பாலம் என்றதும் கை தானாக அடியில் பேராறு ஒன்றை வரைந்துவிடும். அங்கே இருப்பதோ பச்சைப் பள்ளத்தாக்கு. பெருநீர் வேண்டுமெனில் பாலத்தை விட்டுப் பதுளை ஓயாப் பக்கம் செல்லுங்கள்.

இன்னொன்று. பெரும்பாலோர் ஆற்றைச் செய்து முடித்ததும் நீர் வேலை முடிந்ததென எண்ணுகின்றனர். தேயிலை மலையில் நீர் உச்சியிலிருந்தே தொடங்குகிறது. மண் அரிக்காமலிருக்கச் சரிவின் குறுக்கே வெட்டிய கான்கள் மழைநீரை ஏந்தி ஓடைக்கு ஒப்படைக்கின்றன. அவற்றைக் கத்தி முனையால் கீறிக் காட்டுக. எந்தக் கான் எங்கே இறங்குகிறது, லயன் எந்தச் சரிவின் அடியில் நிற்கிறது என்று விரலால் தடம் பிடித்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி தொடர்மழைக்குப் பின் கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிப் பல உயிர்களைக் கொண்டது. மலையையும் நீரையும் லயன்களையும் ஒருங்கே ஆக்கிப் பார்த்த பிள்ளைக்கு அச்செய்தியின் பொருள் வேறு விதமாக விளங்கும். வகுப்பறையில் ஆசிரியர்கள் இதனைச் செய்விக்கலாமே!

லயனுக்கருகே பீலி ஒன்று இல்லாமல் தோட்டம் நிறைவு பெறாது. மெல்லிய கம்பித் துண்டை மண்ணில் செருகி, நுனியில் வெள்ளைப் பசையை இழையாக இழுத்துவிட்டால் பீலித் தண்ணீர் ஆயிற்று. கீழே சிறிது சேறு. சுற்றிலும் தேய்ந்த கற்கள். நீர் பிடிக்க நிற்கும் பெண்களின் குடத்திற்கு மிளகினும் சிறிய களிமண் உருண்டை போதும்.