கழிமுகத்தில் முளைத்த களை

வயலில் பெயர் தெரியாத ஒரு செடி முளைத்தால் உழவர் அதைப் பிடுங்கி வரப்பில் போடுவார். அது பார்த்தீனியமாக இருந்து, ஒரு பருவம் விட்டுவைத்துவிட்டால் பிறகு பிடுங்கி மாளாது. இதே நிலைதான் வடசென்னையில் கத்திவாக்கத்தை அடுத்த எண்ணூர் கழிமுகத்துக்கு ஏற்பட்டிருக்கிறது. அங்கு வந்திருப்பது செடியல்ல. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் ஒரு சிப்பியினம்.

இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரிலும், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் இது பரவுவதாகக் கருதப்படுகிறது. கேரளக் காயல்களில் முன்பே காலூன்றிவிட்டது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும். நார் விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படியும். அந்தச் சேறுதான் இறால் பதுங்கும் இடம், மட்டி வளரும் இடம். கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்போருக்கு இறாலும் போயிற்று. ஓடு கீறிக் காலும் புண்ணாயிற்று.

இதை முதலில் கண்டவர்கள் அந்த மீனவர்களே. ஆனால் அவர்கள் சொன்னதைப் பதிந்துகொண்டு உடனே ஆள் அனுப்ப ஒரு ஏற்பாடு இல்லை. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகே வேகம் பிறந்தது. அதற்குள் பாய் விரிந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1999 மார்ச்சில் இதைப் போன்ற வேறொரு சிப்பி படகுத்துறையில் தென்பட்டது. வழக்கமான சோதனைக்கு நீரில் மூழ்கியவர்கள் கண்டுபிடித்தார்கள். உடனே மதகை அடைத்து, குளோரினும் மயில்துத்தமும் இட்டார்கள். சில வாரங்களில் அந்த இனமே அங்கு இல்லாமல் போயிற்று. மதகு இல்லாத எண்ணூரில் இந்த முறை ஆகாது. மருந்து இட்டால் இறாலும் மீனும் சேர்ந்து மடியும். இங்கே வாரி அப்புறப்படுத்துவதுதான் வழி. வாரியதைக் கரையோரத்திலேயே கொட்டினால் அடுத்த வெள்ளம் மீண்டும் ஆற்றில் சேர்த்துவிடும்.

நம் மாநிலத்தால் விரைந்து செயல்பட முடியாது என்பதில்லை. 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி என்று பாய்ந்தபோது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டு அது அடக்கப்பட்டது. வயலுக்குக் காட்டிய அக்கறை கழிமுகத்துக்கும் வேண்டும். துறைமுகங்களிலும் படகுத்துறைகளிலும் பலகைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்தாலே புதிதாக ஒட்டியது தெரிந்துவிடும். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பலகையில் ஒட்டியதைக் கொடுத்தால் இனம் சொல்ல ஆள் உண்டு. பலகையைத் தூக்கிப் பார்க்கும் வேலையை மீனவர்களிடமே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம்.

கழிமுக நீரை இறைத்து இறால் வளர்ப்போர், நீர் நுழையும் வாயில் நெருக்கமான வலை கட்டுவது அவசியம். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு மிதந்து வருமாதலால் வலை மட்டும் போதாது; மதகுப் பலகையையும் குழாயின் உட்புறத்தையும் அடிக்கடி தடவிப் பார்க்க வேண்டும். எண்ணூரில் பயன்படுத்திய வலையையும் படகையும் நன்றாகக் காயவைக்காமல் வேறு நீர்நிலையில் இறக்கக் கூடாது.

குவியும் ஓட்டைப் பொடித்துக் கோழித் தீவனத்தில் சேர்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் பிராணி; நீரில் உள்ள உலோகங்களைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவும் கண்ட நீர் அது. சோதித்துப் பார்க்காமல் தீவனத்தில் சேர்க்க வேண்டாம்.