இன்முகமும் வினையறிவும்

கருமபீடத்தில் இருப்பவர்க்கு இன்முகம் வேண்டும் என்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. வினையறிவும் வேண்டும் என்பதையோ நாம் அத்துணை வலியுறுத்துவதில்லை. வள்ளுவர் இனியவைகூறலை 10ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். பொருட்பாலில், 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடலிலே, அறிந்து ஆற்றவல்லவனிடமன்றி, நமக்கு வேண்டியவன் என்பதுபற்றி ஒருவனிடம் வினையை ஒப்புவித்தல் தகாதென்றார்.

எம்மூரில் ஆசிரியர் ஒருவர் மறைந்தபின், அவர் துணைவியார் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்காகக் கந்தோர் ஒன்றுக்கு அலைந்தார். 1898ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தில் வேர்கொண்ட உரிமை அது. எவரும் இரங்கி அளிப்பதன்று. அங்கிருந்த இளைஞர் கதிரை நகர்த்தி இருத்தி, நலம் விசாரித்து, "அடுத்த கிழமை வாருங்கோ அம்மா" என்பார். நான்கு முறை இவ்வாறு. ஐந்தாம் முறை அவர் விடுமுறை. பதிலுக்கு இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல் கோவையைப் புரட்டி, "விவாகப் பதிவுப் பிரதி இல்லை, கொண்டுவாருங்கோ" என்றார். மறுநாளே விண்ணப்பம் மேலே சென்றது.

கடுமுகத்துக்காக யான் வழக்காடவில்லை. அம்மையார் அன்று கண்கலங்கியே திரும்பினார். ஆயினும் நான்கு பயணத்துப் பஸ் கூலியை எந்தப் புன்னகை ஈடுசெய்யும்? எனக்கு வியப்பு யாதெனின், முதலாமவரையே அவர் இன்றும் "தங்கமான பிள்ளை" என்கிறார்.