மாற்ற வந்தவர் மாறினார்

சமயப் பணிக்காக அயல்நாடு செல்வோர் பிறரை மாற்றுவர். தாம் மாறுவதில்லை என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜி.யு.போப், கிறித்தவத்தைப் பரப்ப 1839-இல் தமிழகம் வந்தார். அப்போது அவருக்கு வயது 19. போதிப்பதற்காகத் தமிழ் கற்றவர் அதன் சுவையில் ஆழ்ந்தார். 1886-இல் திருக்குறளையும், 1900-இல் தம் 80-ஆம் வயதில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். எங்கள் ஊர் ஏகம்பத்தைப் போற்றும் சைவ நூலை மொழிபெயர்த்தவர் ஒரு பாதிரியார்! அவர் மதம் மாறினாரா? இல்லை, மனம் விரிந்தது.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கோர்வைப் புடவையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டும் தம் நிறத்தை இழப்பதில்லை. ஆனால் இழையோடு இழை பிணைந்திருக்கும். போப்பும் தமிழும் சேர்ந்தது அவ்வாறே.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சென்றேன். கிராமத்தாரைத் திருத்தப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு. முதல் நாளே துப்புரவு பற்றி நீண்ட சொற்பொழிவாற்றினேன். கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "தண்ணிக்கு நாங்க எம்மாந் தூரம் போறோம்னு தெரியுமாப்பா?" என்றார். நான் தலைகுனிந்தேன். மறுநாள் குடத்துடன் அவர் பின்னே நடந்தேன். அதன்பின் முகாம் முடியும்வரை நான் சொற்பொழிவாற்றவில்லை.

நண்பர்களே, பட்டம் பெற்றுப் பல ஊர்களுக்கும் பணிக்குச் செல்லவிருக்கிறோம். பிறரைத் திருத்துமுன் அவர்கள் சொல்வதைக் கேட்போம். தான் மாறத் துணியாதவனுக்குப் பிறரை மாற்றும் உரிமை இல்லை என்பதே என் துணிபு.