மன உறுதிக்கும் ஒரு கூட்டம் வேண்டும்

"மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுடலாம். இதுக்கு எதுக்குக் கூட்டம்?" குடியை விட நினைக்கும் ஒருவர் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகிறேன் என்றதும், வீட்டிலும் வெளியிலும் எழும் கேள்வி இது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பும் கேள்வி இது என்பதால், அதோடு சேர்ந்து வரும் வாதங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

1. "மன உறுதி இருந்தால் போதும்."

சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டும் தொடாதவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் மாலையைக் கழற்றிய கையோடு பலர் கடைக்குப் போகிறார்கள். விரத நாள்களில் உடன் மாலை போட்ட சாமிகள், தினசரி பஜனை, குருசாமியின் கண்டிப்பு என்று ஒரு கூட்டமே அவரைத் தாங்கி நின்றது. மாலையோடு அந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது.

ஏ.ஏ. பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், வியாபார முயற்சி தோற்று ஓட்டலில் தனியாக நின்றார், பின்னர் ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலிருந்த பார் இழுத்தது. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் இயக்கத்தின் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

2. "குடிகாரர்கள் கூடினால் குடி நினைப்புதான் வரும்."

கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுற்று டீ. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். மகள் ஸ்கூல் ஃபீஸை எடுத்துக் குடித்ததைச் சொல்கிறார். மாலை ஆறு மணிக்குக் கை நடுங்கினால் இப்போது யாருக்குப் போன் செய்கிறார் என்பதையும் சொல்கிறார். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதியும் இல்லை. குடியின் சுகத்தைப் பேசும் இடம் பார். குடி பறித்ததைப் பேசும் இடம் இது.

3. "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும்."

தள்ளாடி வந்த இரவுகளில் அந்த நாலு பேரும் பார்த்துவிட்டார்கள். கூட்டத்திலோ முகவரி கேட்பதில்லை, வருகைப் பதிவேடு இல்லை. அங்கே பார்த்த ஆளையும் கேட்ட பேச்சையும் வெளியே சொல்லக்கூடாது என்பது அடிப்படை ஒழுங்கு. கட்டணமும் கிடையாது, விரும்பியவர் போடும் பணத்தில்தான் வாடகையும் டீயும். குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி.

4. "சர்ச்சில் நடக்கிறது, மதம் மாற்றுவார்கள்."

பல குழுக்கள் சர்ச் வளாகத்தில் கூடுவது உண்மை. குறைந்த வாடகைக்கு இடம் கிடைப்பது முக்கியக் காரணம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், அதுவும் உண்மை. ஆனால் 'நாங்கள் அறிந்துகொண்டவாறான கடவுள்' என்றுதான் வருகிறார். முருகன் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவரும் அங்கே உட்காரலாம். கடவுள் இல்லை என்பவர் அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாகக் கொள்ளலாம்.

5. "போனவனும் திரும்பக் குடிக்கிறானே?"

குடிக்கிறார்கள்தான். ஆனால் மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020-இல் வெளியானது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு. நோயாளிகளை ஏ.ஏ.வில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சைகளில், ஓராண்டுக்குப் பின் 42 சதவீதம் பேர் முழுமையாகக் குடியை விட்டிருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். சறுக்கியவரும் மறுநாளே திரும்பி வரலாம். நாற்காலி காத்திருக்கும், ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

6. "ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போதும்."

ஆஸ்பத்திரி அவசியம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர். ஆனால் மருத்துவமனையில் இருப்பது சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு சம்பள நாளும் வரும், கல்யாண வீடும் வரும், பழைய நண்பனின் அழைப்பும் வரும். அந்த நாள்களுக்குத்தான் கூட்டம்.

தேடுவதும் கடினமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண் 14446-ஐ அழையுங்கள். எவரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு, குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டங்களும் உண்டு. ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டமே இருக்கிறது.

"மனசு வை" என்று சொல்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: மனசு வைத்ததால்தான் அவர் கூட்டத்துக்குக் கிளம்புகிறார். தடுக்காதீர்கள். முடிந்தால் வாசல்வரை கூடவே போய் விட்டுவிட்டு வாருங்கள்.